நொடிந்த கம்பனிகளும் நாடுகளின் சட்டமும்: ஓர் ஒப்புநோக்கு

வணிகம் வளருங்கால் அதன் புகழைப் பேசுவோர் பலர். அது தளருங்கால் அதன் கணக்கைத் தீர்க்க முன்வருவோர் சிலர். ஒரு கம்பனியைத் தோற்றுவித்தற்குரிய சட்டத்தை வணிகப் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. அக்கம்பனி தான் பட்ட கடனை இறுக்க மாட்டாத நிலையை அடைந்தவிடத்து யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவோ நூலின் இறுதி அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்டு, படிப்போராற் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. ஆயினும், ஒரு நாட்டின் வணிக நீதியை அளந்தறிதற்கு அவ்விறுதி அதிகாரமே ஏற்ற அளவுகோலாகும். எல்லார்க்கும் கொடுக்கப் பொருள் உள்ளபோது நீதி செய்தல் எளிது. பொருள் போதாதபோது எவர் முன்னர்ப் பெறுவர், எவர் காத்திருப்பர், எவர் வெறுங்கையராய் மீள்வர் என முடிவு செய்தலே அரிது.

இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, இந்தியா என்னும் நான்கு நாடுகளின் சட்டங்கள் கூறும் விடைகளை ஒப்புநோக்கி, இறுதியில் நம் நாட்டின் நிலையையும் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டம் பயிலாத மாணவரும் எளிதில் விளங்கிக்கொள்ளுமாறு, இடையில் ஒரு சிறு கணக்கையும் எடுத்துக்காட்டாக அமைத்துள்ளோம்.

சொல்லும் வரலாறும்

கடனிறுக்க மாட்டாமையை ஈழத்தமிழர் 'வங்குரோத்து' என்னும் சொல்லாற் குறிப்பர். இச்சொல்லின் மூலம் இத்தாலிய மொழியிலுள்ள 'பங்கா றொத்தா' என்னும் தொடராகும். 'உடைந்த பலகை' என்பது அதன் பொருள். பண்டை இத்தாலிய நகரங்களிலே வணிகர் தாம் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த பலகையை, அவர் நொடித்தவிடத்து, ஊரவர் உடைத்துவிடுவர் என்பது செவிவழிச் செய்தி. அச்சொல் ஐரோப்பிய மொழிகளினூடே கடல் கடந்து வந்து, நம் வழக்கில் நிலைபெற்றது.

சொல்லிலே காணப்படும் கடுமை பழைய சட்டத்திலும் காணப்பட்டது. உரோமருடைய பன்னிரு பலகைச் சட்டம் கி.மு. 450ஆம் ஆண்டளவில் எழுந்தது. கடனிறுக்காதவனை விலங்கிட்டு வைக்கவும், பின்னர்த் தைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கவும் அது கடன் கொடுத்தோனுக்கு உரிமையளித்தது. இங்கிலாந்தின் முதலாவது வங்குரோத்துச் சட்டம் எட்டாம் என்றி மன்னன் காலத்தில், 1542ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது கடன்பட்டோனைக் குற்றவாளியாகவே கருதியது. 1705ஆம் ஆண்டில், ஆன் அரசியின் காலத்திலே ஒரு பெருந் திருப்பம் நேர்ந்தது. தன் உடைமை அனைத்தையும் ஒளியாது ஒப்படைத்த வணிகன் எஞ்சிய கடனினின்று விடுவிக்கப்படலாம் என்று அவ்வாண்டுச் சட்டம் கூறிற்று. பொருளை ஒளித்தவனுக்கோ மரணதண்டனை விதித்தது. நேர்மையாளன் ஒருவனும் நொடிக்கக்கூடும் என்னும் உண்மையை ஆங்கிலச் சட்டம் ஏற்றுக்கொண்டது அன்றுதான். எனினும் சிறைவாசம் உடனே ஒழிந்துவிடவில்லை. நாவலாசிரியர் சாள்சு டிக்கின்சின் தந்தையார் 1824ஆம் ஆண்டில் மார்சல்சீ என்னும் கடனாளர் சிறையில் அடைக்கப்பட்டமை பலரும் அறிந்ததே. 1869ஆம் ஆண்டுச் சட்டமே கடனுக்குச் சிறையிடும் வழக்கத்தைப் பெரும்பாலும் நீக்கியது.

கம்பனி என்னும் ஆள்

இதுகாறும் கூறியவை தனி மனிதனைப் பற்றியன. 1855ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த 1862ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டமும் வரையறுத்த பொறுப்பு என்னும் கொள்கையை ஆங்கில நாட்டில் நிலைநாட்டின. பங்குதாரர் தாம் இட்ட முதலுக்கு மேல் இழக்க வேண்டுவதில்லை என்பதே அக்கொள்கை. கம்பனி தன்னைத் தோற்றுவித்தவரினின்றும் வேறான ஓர் ஆள் என்பது 1896ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை வழங்கிய சலமன் வழக்குத் தீர்ப்பால் ஐயமற விளங்கிற்று. பாதணி செய்து விற்ற ஏரன் சலமன் என்பவர் தம் தொழிலை ஒரு கம்பனிக்கு மாற்றி, 20,007 பங்குகளில் 20,001 பங்குகளைத் தாமே வைத்திருந்தார். விலையின் ஒரு பகுதிக்காக 10,000 பவுணுக்குக் கம்பனியின் சொத்தின்மீது ஈடும் பெற்றுக்கொண்டார். கம்பனி நொடித்தபோது, அந்த ஈட்டின் உரிமையே முன்னிற்கும் எனத் தீர்ப்பாயிற்று. பொருள் கொடுத்துக் கடனுக்குக் காத்திருந்த வணிகர்க்கு ஒன்றும் எஞ்சவில்லை.

இவ்வழக்கினின்று நாம் அறியற்பாலன இரண்டு. கம்பனிக்கு உடல் இல்லை. ஆதலின் அதனைச் சிறையிலிடுதல் இயலாது. அன்றியும், ஈடு பெற்றோனுக்கும் ஈடு பெறாதோனுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நல்ல காலத்திலே கண்ணுக்குத் தெரியாது. நொடித்த நாளிலோ அதுவே எல்லாமாகும்.

ஓர் எண்ணெயாலைக் கணக்கு

ஒரு தேங்காயெண்ணெய் ஆலைக் கம்பனியைக் கற்பனை செய்துகொள்வோம். அது வங்கிக்கு 50 இலட்சம் ரூபா கடன்பட்டுள்ளது. அதற்கு ஆலையும் நிலமும் ஈடு. தொழிலாளர்க்குச் சம்பள நிலுவை 5 இலட்சம். அரசிறை 5 இலட்சம். கொப்பறா விற்ற சிறு வணிகர்க்கு ஈடில்லாக் கடன் 60 இலட்சம். ஆகக் கடன் 120 இலட்சம். இயங்கும் ஆலையாக விற்றால் 100 இலட்சம் கிடைக்கும். பூட்டிவிட்டு எந்திரம் வேறு நிலம் வேறாகப் பிரித்து விற்றால் 40 இலட்சமே கிடைக்கும்.

பூட்டி விற்றால் வங்கி 40 இலட்சத்தையும் எடுத்துக்கொள்ளும். ஏனையோர்க்கு ஒரு சதமும் இல்லை. இயங்கவிட்டு விற்றால் வங்கி 50 இலட்சமும், தொழிலாளர் 5 இலட்சமும், அரசு 5 இலட்சமும் முழுமையாகப் பெறுவர். எஞ்சிய 40 இலட்சம் வணிகர்க்கு ரூபாவுக்கு 66 சதமாகச் சேரும். ஆகவே, ஆலையை இயங்கவிடுதலால் விளையும் மேலதிக நன்மை 60 இலட்சம். அதில் வங்கியின் பங்கு 10 இலட்சம் மாத்திரமே. மற்றையோரின் பங்கு 50 இலட்சம்.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆலையைப் பூட்டும் உரிமை, அதாவது திறவுகோல், ஈடு பெற்ற வங்கியின் கையில் உள்ளது. காத்திருப்பதனால் அது அடையும் நன்மையோ சிறிது. நட்டம் வரின் அதுவும் போய்விடும். காத்திருப்பதனாற் பெருநன்மை அடையக்கூடிய வணிகரிடத்தும் தொழிலாளரிடத்தும் திறவுகோல் இல்லை. வங்கி தீயது என்பது இதன் கருத்தன்று. அது தன்னிடம் பணம் வைத்தோர்க்குப் பொறுப்புடையது. வணிகர் தாமும் முந்திக்கொள்ள முயல்வர்: ஒருவர் வழக்குத் தொடுப்பார், மற்றொருவர் தாம் கொடுத்த சரக்கைத் திருப்பியெடுத்துச் செல்வார். ஒவ்வொருவர் செய்கையும் தனித்தனியே நியாயமானது; எல்லாம் சேர்ந்தவிடத்து ஆலை அழியும். இவ்வோட்டப் பந்தயத்தை நிறுத்துதலே நொடிப்புச் சட்டத்தின் முதற் கடமை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. அந்த ஆலை மாதந்தோறும் 5 இலட்சம் நட்டத்தில் ஓடுமாயின், பன்னிரண்டு மாதத்தில் 60 இலட்சம் கரைந்து, காப்பாற்றுதலால் வரும் நன்மை முழுவதும் தீர்ந்துவிடும். சில ஆலைகள் இயங்குவதிலும் பார்க்கப் பூட்டப்படுவதே நன்று. ஆகவே, பந்தயத்தை நிறுத்துதல் மட்டும் போதாது. நிறுத்திய காலத்தில் திறவுகோலை எவரிடம் ஒப்படைப்பது, எத்துணைக் காலம் அவரிடம் விடுவது என்னும் வினாக்களுக்கும் சட்டம் விடை காணல் வேண்டும். நாடுகள் வேறுபடுவது இங்கேதான்.

ஐக்கிய அமெரிக்கா: பழைய நிருவாகத்திடமே திறவுகோல்

அமெரிக்கச் சட்டத்தைப் புகையிரதப் பாதைகளே உருவாக்கின எனலாம். 1893ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை அடுத்து, அந்நாட்டுப் புகையிரதப் பாதைகளின் நீளத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நொடித்த கம்பனிகளின் கையில் இருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றால் இரும்பு விலையே கிடைக்கும். நகரோடு நகரை இணைக்குங்கால் மட்டுமே அதற்குப் பெறுமதி உண்டு. ஆதலின் நீதிமன்றங்கள் கடன் கொடுத்தோரைத் தடுத்து நிறுத்திப் பாதைகளை இயங்கச் செய்தன.

அம்முறையிலும் சூது புகுந்தது. பெருங்கடன் கொடுத்தோரும் பழைய பங்குதாரரும் தம்முள் உடன்பட்டு, பாதையைப் புதிய கம்பனிக்கு மாற்றி, இடையில் நின்ற ஈடில்லாக் கடன் கொடுத்தோரை விலக்கிவிட்டனர். நோதேண் பசிபிக் கம்பனிக்கு எதிராகப் போயிட் என்பவர் கொண்டுசென்ற வழக்கில், 1913ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்தது. கடன் கொடுத்தோன் வெளியே நிற்கப் பங்குதாரன் உள்ளே இருத்தல் தகாது என்பதே தீர்ப்பின் சாரம். படிமுறையில் மேலுள்ளோர் நிறைவு பெறாது, அவர்தம் இசைவுமின்றி, கீழுள்ளோர் ஒன்றும் பெறலாகாது என்னும் விதி இதன்வழி வலுப்பெற்றது.

1978ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வங்குரோத்துச் சட்டக்கோவையின் பதினோராம் அதிகாரம் இன்று உலகெங்கும் பேசப்படுவது. கம்பனி மனுச் செய்த கணமே, நீதிபதி தனியே கட்டளையிட வேண்டுவதின்றி, கடன் வசூலிப்பு யாவும் தானாகவே தடைப்படும். பழைய பணிப்பாளரே தொழிலைத் தொடர்ந்து நடத்துவர். மீட்புத் திட்டத்தை வகுக்கும் தனியுரிமை முதல் 120 நாட்களுக்கு அவர்களுக்கே உண்டு. நீதிமன்றம் அதனை நீட்டிக்கவும் கூடும். கடன் கொடுத்தோர் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து வாக்களிப்பர். வாக்களித்தோருள் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோரும், தொகையில் மூன்றில் இரண்டு பங்கினரும் இசையின், அவ்வகுப்பு இசைந்ததாகும்.

செனரல் மோட்டர்சுக் கம்பனி 2009ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள் இவ்வதிகாரத்தின் கீழ் மனுச் செய்தது. அதன் கடன் 17,000 கோடி டொலருக்கு மேற்பட்டது. யூலை 10ஆம் நாளே நல்ல தொழிற்சாலைகள் ஒரு புதிய கம்பனிக்கு விற்கப்பட்டு வேலை தொடர்ந்தது. அரசாங்கம் பெருநிதி வழங்கிப் புதிய கம்பனியில் ஏறத்தாழ 60 சதவீதப் பங்கைப் பெற்றமையாலேயே இவ்விரைவு கைகூடிற்று என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

தன் தொழிலை நன்கறிந்தவன் அதனை நடத்துவான் என்பதும், பதவி பறிபோகும் என்னும் அச்சமின்மையால் அவன் காலந்தாழ்த்தாது நீதிமன்றத்தை நாடுவான் என்பதும் இம்முறையின் சிறப்புக்கள். ஆலையைக் கெடுத்தவனிடமே திறவுகோலை மீண்டும் கொடுப்பதும், வழக்கறிஞர் செலவு மிகுவதும் இதன் குறைகள்.

இங்கிலாந்து: வங்கியிடமிருந்து பொது நிருவாகியிடம்

ஆங்கிலச் சட்டத்தின் தனிச்சிறப்பு 'மிதக்கும் ஈடு' என்பது. நிலத்தையும் கட்டடத்தையும் மட்டுமன்றி, நாள்தோறும் மாறும் சரக்கையும் வரவேண்டிய பணத்தையும் ஒருங்கே ஈடாகக் கொடுத்தல் இதன் இயல்பு. 1870ஆம் ஆண்டளவில் நீதிமன்றங்கள் இதனை ஏற்றுக்கொண்டன. கடன் தவறியவிடத்து ஈடு பெற்றோன் 'பெறுநர்' ஒருவரைத் தானே நியமிப்பான். அவர் கம்பனி முழுவதையும் கைப்பற்றி, நியமித்தவனின் கடனைத் தீர்த்தற்காக நிருவகிப்பார். 1971ஆம் ஆண்டு விமான எந்திரமொன்றின் ஆக்கச் செலவால் உரோல்சு-றோயிசுக் கம்பனி நொடித்தபோது பெறுநரே வந்தார். விமான எந்திரப் பகுதியை அரசாங்கம் வாங்கிற்று. கார்ப் பகுதி தனிக் கம்பனியாக்கப்பட்டது. திறமையுள்ள பெறுநர் தொழிலை உயிருடன் ஒப்படைக்க வல்லவர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும் அவர் கடமை முதன்மையாக ஒருவர்க்கே உரியது; நம் கணக்கில் வரும் கொப்பறா வணிகரின் 40 இலட்சம் அவருடைய கவலையன்று.

சேர் கெனத் கோர்க் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இக்குறையை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் 'நிருவாகி' என்னும் பதவியை ஏற்படுத்திற்று. 2002ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் தவிர, புதிய மிதக்கும் ஈட்டைக் கொண்டு தனிப் பெறுநரை நியமிக்கும் வழியை அடைத்தது. கடன் கொடுத்தோர் அனைவரின் நலனையும் நோக்கிச் செயலாற்றுதல் நிருவாகியின் கடமையாயிற்று. அதனினும் முக்கியமானது மற்றொரு விதி: மிதக்கும் ஈட்டின் சொத்திலிருந்து ஒரு பகுதியை ஈடில்லாதோர்க்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். அவ்வொதுக்கீட்டின் உச்சவரம்பு 600,000 பவுணாக இருந்து 2020ஆம் ஆண்டில் 800,000 பவுணாக உயர்த்தப்பட்டது. ஏரன் சலமனுக்குச் சரக்குக் கொடுத்து ஏமாந்த வணிகர்க்கு நூறாண்டு கழித்துக் கிடைத்த ஆறுதல் என்று இதனைக் கூறலாம்.

2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அமெரிக்க முறையை ஓரளவு தழுவிற்று. ஒரு வகுப்பினர் மறுத்தாலும், மாற்று வழியில் அவர் பெறக்கூடியதிலும் குறையாது கிடைக்குமெனின், ஏனைய நிபந்தனைகளும் நிறைவுறுமிடத்து, நீதிமன்றம் திட்டத்தை உறுதிப்படுத்தலாம்.

பிரான்சு: வேலையைக் காத்தல்

பிரான்சு நாட்டில் வணிக வழக்குகளை விசாரிப்போர் வணிகராலேயே தெரிவுசெய்யப்பட்ட நீதிபதிகள். பாரிசு நகரில் இம்மன்று 1563ஆம் ஆண்டின் அரச கட்டளையால் அமைந்தது. திறவுகோல் அங்கே நீதிமன்றத்தின் கையிலுள்ளது.

1973ஆம் ஆண்டில் பெசன்சோன் நகரில் லிப் என்னும் மணிக்கூட்டுத் தொழிற்சாலை நொடித்தது. தொழிலாளர் தொழிற்சாலையைத் தம் வசப்படுத்தி, மணிக்கூடுகளைத் தாமே செய்து, தாமே விற்று, தம் சம்பளத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர். நாடு முழுவதும் அதனைக் கவனித்தது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலேயே, நொடித்த கம்பனிகளின் தொழிலாளர்க்குச் சம்பள நிலுவையைக் கொடுத்துத் தீர்க்கும் காப்பு நிதிக்கு வழிகோலும் சட்டம் பிறந்தது. அந்நிதிக்குப் பணம் செலுத்துவோர் வேலைகொள்வோரே. நிதியானது தொழிலாளர்க்கு முதலிற் கொடுத்துவிட்டு, பின்னர் அவர் நிலையில் நின்று கம்பனியிடம் உரிமை கோரும். காத்திருக்க வலியில்லாதவனைக் காத்திருக்கச் செய்யாமை இதன் உட்கருத்து.

1985ஆம் ஆண்டுச் சட்டம் தன் முதற் பிரிவிலேயே தொழில் நிலையத்தைக் காத்தல், தொழிலையும் வேலையையும் நிலைபெறச் செய்தல், கடன் தீர்த்தல் என்னும் மூன்று நோக்கங்களைக் கூறுகின்றது. கடன் தீர்த்தல் இறுதியில் வைக்கப்பட்டமையைக் கவனிக்க. ஈடு பெற்றோர் இதனாற் பெரிதும் நலிந்தனரென்று கருதி, 1994ஆம் ஆண்டில் அவர்க்கு ஓரளவு உரிமை மீளக் கொடுக்கப்பட்டது. ஈடு நம்பத்தக்கதாய் இராவிடின் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். தயங்கின் புதிய ஆலைகள் தோன்றா. இதுவும் மறுக்கலாகாத வாதமே.

2005ஆம் ஆண்டுச் சட்டம், கடனிறுப்பு நிற்பதற்கு முன்னரே ஒரு கம்பனி நீதிமன்றத்தின் காப்பை நாட வழிசெய்தது. அயல்நாடாகிய சேர்மனி இதே நோக்கத்தை வேறு வழியால் அடைய முயன்றது. அங்கே கம்பனி கடனிறுக்க மாட்டாமை நேர்ந்தால், பணிப்பாளர் மூன்று வாரத்துக்குள் நீதிமன்றத்துக்கு அறிவித்தல் வேண்டும்; தவறின் தாமே பொறுப்பாவர். பிரான்சு அழைக்கின்றது, சேர்மனி கட்டாயப்படுத்துகின்றது. பிணி முற்றுமுன் வைத்தியனை அடைதல் வேண்டும் என்பதில் இருநாடும் ஒன்றே.

இந்தியா: கடன் கொடுத்தோர் குழு

இந்தியா 1985ஆம் ஆண்டில் நலிந்த தொழிற் கம்பனிகளுக்கென ஒரு சட்டம் இயற்றி, ஒரு சபையையும் நிறுவியது. அச்சபையின் முன் வழக்குப் பதிவானதும் கடன் வசூலிப்பு நின்றுவிடும். பழைய நிருவாகம் தொடரும். வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்தன. நம் கணக்கிலே மாதம் 5 இலட்சம் கரைந்தவாறே, அக்காலத்தில் பல ஆலைகளின் பொருள் கரைந்தது. நிறுத்துதல் மாத்திரம் இருந்து, கால எல்லை இல்லாதவிடத்து நேரும் கேடு இதுவாகும்.

இக்கேட்டைக் களைய எழுந்ததே 2016ஆம் ஆண்டு நொடிப்பு, வங்குரோத்துச் சட்டக்கோவை. அது பணிப்பாளரின் அதிகாரத்தை இடைநிறுத்தி, தேர்ந்த அலுவலர் ஒருவரிடம் தொழிலை ஒப்படைக்கின்றது. முடிவு செய்யும் உரிமை நிதிக் கடன் கொடுத்தோர் குழுவினுடையது. 66 சதவீத வாக்கால் மீட்புத் திட்டம் நிறைவேறும். 330 நாட்கள் என்னும் எல்லை 2019ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. கடன் தவறிய பழைய உடைமையாளர் பலர், தம் கம்பனியை மலிந்த விலைக்குத் தாமே மீள வாங்காதவாறும் தடை உண்டு. எசார் உருக்குக் கம்பனி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 42,000 கோடி ரூபாவுக்குக் கைமாறியமை இச்சட்டத்தின் பெரு வெற்றியாகப் பேசப்படுகின்றது.

ஆயினும், சரக்குக் கொடுத்த வணிகர்க்கு அக்குழுவில் பொதுவாக வாக்கில்லை. சட்டம் அவர்க்கு உறுதிசெய்வது, கம்பனி கலைக்கப்பட்டிருப்பின் அவர் பெறக்கூடிய தொகையை ஒட்டிய ஒரு குறைந்த பங்கே. நம் எண்ணெயாலையில் அத்தொகை ஒன்றுமில்லை என்பதை முன்னரே கண்டோம். கால எல்லையும் எப்போதும் காக்கப்படவில்லை. யெட் ஏர்வேசு என்னும் விமானக் கம்பனி 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் பறத்தலை நிறுத்தியது. யூன் மாதத்தில் வழக்கு ஏற்கப்பட்டது. மீட்புத் திட்டமொன்று ஒப்புதல் பெற்றும் நிறைவேறாது நீண்டு, 2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைக் கலைக்குமாறு கட்டளையிட்டது. ஐந்தாண்டு தரையில் நின்ற விமானத்துக்கு என்ன பெறுமதி எஞ்சும்? ஊழியரின் நிலுவைக்கு எவர் விடை கூறுவர்? எழுதப்பட்ட சட்டத்தோடு, அதனை நடத்தும் நீதிமன்றங்களின் வலிமையும் வேண்டுமென்பது இதனால் அறியப்படும்.

எல்லை கடந்த நொடிப்பு

சட்டம் நாட்டெல்லையில் நின்றுவிடும், கப்பல் நிற்பதில்லை. தென் கொரியாவின் கஞ்சின் கப்பற் கம்பனி 2016ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள் சியோல் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. கொரிய நீதிமன்றத்தின் தடையாணை அந்நிய துறைமுகங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. கப்பல்களை மறியலில் வைத்துவிடுவர் என்னும் அச்சத்தாற் பல கப்பல்கள் துறைமுகத்தினுட் செல்லாது கடலில் நின்றன. கூலி கிடைக்காதென அஞ்சி, சில துறைமுகங்கள் சரக்கிறக்க மறுத்தன. ஏறத்தாழ 1,400 கோடி டொலர் பெறுமதியான சரக்கு இடைவழியிற் சிக்கியது. ஒரு தவறும் செய்யாத மாலுமிகள் உணவையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்திக் கடலிற் காத்திருந்தனர். அமெரிக்காவின் நியூ யேர்சி நீதிமன்றம் கொரிய நடவடிக்கையை ஏற்றுக் காப்பளித்த பின்னரே அங்கே கப்பல்கள் கரையை அணுகின. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் அக்கம்பனி முற்றாக முடிவுற்றது.

அந்த அமெரிக்க நீதிமன்றம் அவ்வாறு உதவ முடிந்தது, ஐக்கிய நாடுகளின் சர்வதேச வணிகச் சட்ட ஆணைக்குழு 1997ஆம் ஆண்டில் வகுத்த மாதிரிச் சட்டத்தை அந்நாடு 2005ஆம் ஆண்டில் தழுவியிருந்தமையாலாகும். கம்பனியின் முதன்மை அலுவல் மையம் எந்நாட்டிலுள்ளதோ அந்நாட்டு நடவடிக்கையை ஏனைய நாடுகள் தலைமையானதாக ஏற்று உதவுதல் அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியமும் இக்கொள்கையைத் தன் உறுப்பு நாடுகளுக்கு விதியாக்கியுள்ளது. எழுதிய சட்டம் இல்லாதபோதும் நல்லறிவு வழிகாட்டக்கூடும். 1991ஆம் ஆண்டு டிசெம்பரில் மக்சுவெல் பதிப்புக் கம்பனி நியூ யோக்கிலும் இலண்டனிலும் ஒருங்கே வழக்கிற்குட்பட்டபோது, இருநகர் நீதிபதிகளும் ஓர் ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கு இசைவளித்து, இரட்டைச் செலவையும் முரண்பட்ட தீர்ப்புக்களையும் தவிர்த்தனர். எனினும், ஆங்கிலச் சட்டத்தின் கீழ் எழுந்த கடனை, கடன் கொடுத்தோன் இசையாதவிடத்து, அயல்நாட்டு நடவடிக்கை அழிக்க முடியாதென 1890ஆம் ஆண்டில் எழுந்த ஆங்கிலத் தீர்ப்பு, இத்தகைய ஒத்துழைப்புக்கு ஓரளவு இடையூறாகவே இருந்துவருகின்றது.

நம் நாடு

இலங்கையில் தனியாட்களின் வங்குரோத்துக்கென 1853ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் எழுந்தது. கம்பனிகளின் கலைப்பு 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாலும், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தாலும் வரையறுக்கப்பட்டது. கலைத்தலே முதன்மையாகவும், மீட்டல் அதன் நிழலிலும் வளர்ந்தது எனலாம்.

திறவுகோல் பற்றிய நம் ஆராய்ச்சிக்கு மிக இயைந்தது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். ஈடு பெற்ற வங்கி, நீதிமன்றத்துக்குச் செல்லாது, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தால் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க அது இடமளித்தது. நீதிமன்ற வழக்குக்கள் நெடுங்காலம் இழுபடும் நாட்டில் இவ்வுரிமைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியையொட்டிச் சிறு தொழிலதிபர் பலர் தம் ஆலைகளையும் விடுதிகளையும் ஏலத்தில் இழக்கும் நிலை வந்தபோது பெருங் குரல் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அவ்வுரிமையைச் சிலகாலத்துக்கு இடைநிறுத்தியது.

இந்நிகழ்ச்சியை நம் எண்ணெயாலைக் கணக்கோடு பொருத்திப் பார்க்க. ஒரு பக்கத்தில் உடனடி ஏலம். மறுபக்கத்தில் எல்லார்க்கும் பொதுவான இடைநிறுத்தம். முன்னையது மீட்கத்தக்க ஆலையையும் அழிக்கும். பின்னையது மீட்க இயலாத ஆலையையும் தாங்கி நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையே எது மீளும், எது மீளாது எனப் பிரித்தறியும் நடவடிக்கையே மேற்கூறிய நாடுகள் பல்லாண்டு முயன்று அமைத்தவை. அந்த நடுவழி செவ்வனே அமையாதவிடத்து, அரசாங்கம் ஏலத்துக்கும் இடைநிறுத்தத்துக்கும் இடையே மாறிமாறிச் செல்ல நேரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், எந்த நாட்டின் நொடிப்புச் சட்டத்தையும் மூன்று வினாக்களால் அளந்தறியலாம் என்பது புலனாகும். முதலாவது, மீட்கத்தக்க பொருள் எஞ்சியிருக்கும்போதே கம்பனி சட்டத்தின் வாயிலை அடைய அது வழிசெய்கின்றதா? இரண்டாவது, திறவுகோலை ஏற்றவர் அனைவர் நலனையும் நோக்கக் கடமைப்பட்டுள்ளாரா, அவர்க்குக் கால எல்லை உண்டா? மூன்றாவது, ஈடும் வாக்கும் இல்லாத தொழிலாளியும் சிறு வணிகனும் இறுதிக் கணக்கில் எவ்விடத்து நிற்கின்றனர்? அமெரிக்கா முதல் வினாவுக்கும், இங்கிலாந்து இரண்டாவதற்கும், பிரான்சு மூன்றாவதற்கும் ஏற்ற விடைகளை ஓரளவு கண்டுள்ளன. இந்தியா கால எல்லையின் இன்றியமையாமையையும், அதனைக் காத்தலின் அருமையையும் ஒருங்கே உணர்த்துகின்றது. மூன்றுக்கும் முற்றான விடை கண்ட நாடு யாதும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை வழக்கறிஞராவர், சிலர் கணக்காய்வாளராவர், சிலர் வங்கிகளிலே ஈட்டுப் பத்திரங்களை எழுதும் பொறுப்பை ஏற்பர், சிலர் சொந்தத் தொழில் நடத்துவர். இவர் யாவரும் ஒருநாள் நொடித்த ஓர் ஆலையின் கணக்குப் புத்தகத்தைத் தம்முன் விரிக்க நேரலாம். அப்போது முதற்பக்கத்திலுள்ள பெருந் தொகைகளை மட்டும் நோக்கி அமையாது, கடைசிப் பக்கத்திலே சிறு எழுத்தில் எழுதப்பட்டுள்ள கொப்பறா வணிகரின் பெயர்களையும், தொழிலாளரின் நிலுவைகளையும் படித்தல் வேண்டும். அப்பக்கத்தையும் படித்தபின் எழுதப்படும் தீர்ப்பே நீதியாகும்.